மேலேயா, கீழேயா

மதியச் சாப்பாட்டு வாசனை அடங்காத நேரத்தில் ரேவதி மாடியிலிருந்த அந்தப் பழைய வார்டுக்குள் நுழைந்தாள். தர்மபுரியில் அந்த மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட் அவள். ஜன்னலோரக் கட்டிலில் வத்தல்மலை வேடியப்பன் படுத்திருந்தார். பக்கத்தில் மனைவி மாதம்மாள்.

அவர் முதுகெலும்புக்குள் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி வளர்ந்திருந்தது. புற்றுநோய் இல்லை. ஆனால் தண்டுவடம் சுண்டுவிரல் தடிமன்தான். எலும்புக்குள் அது ஒதுங்க இடமில்லை. கட்டி அதன் பின்பக்கத்தை அழுத்தியது. கால் எங்கே இருக்கிறது என்ற செய்தி மூளைக்குப் போகும் வழி அது. மருத்துவர் பின்புற எலும்பைத் திறந்து, உறையைக் கீறி, வடத்தை இழுக்காமல் கட்டியை உரித்தெடுத்துவிட்டார். நசுங்கிய வழி மீண்டதா என்பதுதான் இன்றைய சோதனை. மீளாமல் அனுப்பினால் மலைச்சரிவில் விழுவார்.

"நாளைக்கே வூட்டுக்கு அனுப்பிடும்மா. ராகி அறுப்பு கெடக்குது," என்றார் வேடியப்பன்.

"கண்ணைத் துண்டால கட்டுறேங்க. இல்லன்னா எல்லாரும் எட்டிப் பாத்துச் சொல்லிடறாங்க."

"இவரு பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்," என்றாள் மாதம்மாள்.

ரேவதி துண்டைக் கட்டிவிட்டு, அவர் கால் கட்டைவிரலை இரு பக்கவாட்டிலும் பிடித்து அசைத்து, "மேலேயா, கீழேயா?" என்று கேட்டாள். மேலும் கீழுமாகப் பிடித்தால் அழுத்தமே விடையைக் காட்டிவிடும்.

"மேல. கீழ. கீழ. மேல."

ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நல்லா தெரியுதுங்களா?"

"வெரலா? அது மரக்கட்டையாட்டம் கெடக்குது. நீதான் காதுல சொல்லித் தர்றியேம்மா."

ரேவதி கால்மாட்டில் நின்றிருந்தாள். மாதம்மாள் ஜன்னலருகே. அவர் காதருகே யாருமில்லை.

வெளியே வெயில் காய்ந்தது. தலையணைப் பக்கமிருந்து ஈரமண் வாசனை வந்தது.

ரேவதி சத்தமின்றி விரலை விட்டாள்.

"இப்ப தொடலைன்னு சொல்லுது," என்றார் அவர்.

மாதம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயா, துண்டை அவுத்துடுங்க. இன்னும் சரியாகலை. இங்கயேதான் இருக்கணும்."

"'போலாம் வா'ங்குதும்மா..."

அவர் எழுந்தார்.

காலின் செய்தி வராதவர் கண்ணால் பார்த்துத்தான் நிற்க முடியும். கண்ணை மறைத்தால் சாய்ந்துவிடுவார். ரேவதி தாங்கப் பாய்ந்தாள்.

அவர் சாயவில்லை.

கண்கட்டோடு, ஒரு கையைச் சற்றே நீட்டியபடி, வார்டு வாசலுக்கு வெளியே இருந்த மாடிப்படியை நோக்கி நேராக நடந்தார்.

"ஏனுங்க! நில்லுங்க!" என்று கத்தினாள் மாதம்மாள்.

இருவரும் அவர் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தார்கள். மூவரும் படியின் விளிம்பில், தரையில் சரிந்தார்கள். அவர் கால்கள் துணியாய்த் துவண்டன.

"என்னைய விட்டுடாதீங்க," என்று அழுதார்.

அவர் கை மாதம்மாளின் தோளைப் பற்றியிருந்தது. ஆனால் அவர் சட்டையின் விளிம்பு மட்டும், யாரோ கொத்தாய்ப் பிடித்தது போலக் கசங்கி, படிக்கட்டுப் பக்கம் விறைத்து இழுபட்டுக்கொண்டே இருந்தது.