இருபதில் பத்து

மழைக்குப் பயந்து ஓடி வந்தவள், ஆய்வகக் கதவைத் தள்ளிய வேகத்தில் ஒருவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த கண்ணாடிக் குடுவை ததும்பியது.

"மெதுவா வரக்கூடாதா? உள்ள இருபது உயிர் இருக்குங்க!"

கோபத்திலும் என்ன கண்கள்... மழையில் அலம்பி எடுத்தது போல! குடுவைக்குள் கடுகளவு நீர்ப்பூச்சிகள் துள்ளிக்கொண்டிருந்தன.

"ஆமா, நீங்க யாரு?"

"ஆத்துல எவ்வளவு செம்பு கலந்தா எத்தனை பூச்சி சாகும்னு கணக்குப் போட்டவ."

"ஓ... அந்த மேடமா! இருபதுல பத்து செத்துடும்னீங்க. நீங்க சொன்ன அளவுதான் கலந்தேன். ரெண்டு நாளாச்சு, ஒண்ணுகூட சாகல."

அவளுக்குத் திக்கென்றது. மூன்று நாளில் ஆற்று நீருக்கு வரம்பு வகுக்கும் குழுவின் கூட்டம். அவள் கணக்கு தோற்றால், ஆற்றில் செம்புக்கான வரம்பைத் தாராளமாக உயர்த்திவிடுவார்கள்.

"என் கணக்கு தப்பாது."

"என் கையும் தப்பாது!"

அப்போதுதான் குடுவையின் விளிம்பைக் கவனித்தாள். வெள்ளையாய் ஒரு படலம்...

"இது ஆத்துத் தண்ணியா?"

அவன் தயங்கினான். "வளர்ப்புத் தொட்டித் தண்ணி. அதுங்களுக்குப் பழகினதாச்சேன்னு..."

"அதுல சுண்ணாம்புச் சத்து ஜாஸ்தி. செம்பை அண்டவிடாது. நம்ம ஆத்துத் தண்ணியில அந்தக் காவல் கிடையாது. செல்லம் குடுத்து சோதனையைக் கெடுத்துட்டீங்க!"

அவன் முகம் சிவந்தது. குடுவையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென உள்ளே போய்விட்டான். எவ்வளவு திமிர்! அப்படியும் அந்தக் கண்கள் மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

கூட்டத்தில் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "கணக்கு ஒண்ணு சொல்லுது, சோதனை வேற சொல்லுதே?"

கடைசி வரிசையில் அவன் எழுந்தான்.

"முதல் சோதனை தப்புங்க. தப்பு என்னோடது. ஆத்துத் தண்ணியிலேயே திரும்பச் செஞ்சேன். இருபதுல பதினொண்ணு செத்துடுச்சு, கிட்டத்தட்ட பாதி. அவங்க கணக்குதான் சரி."

அவள் கேட்டபடியே வரம்பைக் குறைத்தார்கள். எல்லோரும் கைகுலுக்கினார்கள், அவள் அவனைத் தேடி வராந்தாவுக்கு ஓடினாள்.

"கணக்கு ஜெயிச்சது பெருமைதான்... ஆனா அத்தனை பேர் முன்னாடி எழுந்து நின்னீங்களே, அதுதான் எனக்கு ரொம்பப் பெருமை."

அவன் தலை குனிந்தான். "அந்தப் பதினொண்ணை நினைச்சாதான் மனசு கஷ்டமா இருக்கு."

"தெரியும். அதனாலதான் உங்களைப் பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள்! காது மடல்வரை சூடேறியது.

"எனக்கும்தான்..." என்றான் அவன் மெல்ல. "ரெண்டு நாளும் பூச்சியைப் பார்த்ததைவிட உங்களை நினைச்சதுதாங்க அதிகம்."