சுகிர்தாவின் பங்குதாரர்கள்

ஆட்ட நாள்களில் காலை ஒன்பது மணிக்கு, பல் துலக்கிக் காப்பி குடித்த கையோடு, கலிஸ்டோ குடியிருப்பில் பலரும் மார்பில் நாணயம் அளவுக்கு ஒரு வில்லையை ஒட்டிக்கொண்டு சுகிர்தாவின் இதயத்தோடு இணைந்துகொள்வார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இணைந்தவர்கள் ஆயிரத்து எண்ணூறு பேர். இந்த மாத ஆட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர்தான். அவர்களிலும் பாதிப்பேர் பத்து நிமிடத்தில் வில்லையைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்கள்.

அன்று சுகிர்தா முதல் பரிசு வாங்கினாள்.

வியாழனின் துணைக்கோளான கலிஸ்டோவில், பனிக்கு நாற்பது மீட்டர் கீழே, பதினெட்டாயிரம் பேர் வாழ்ந்தார்கள். குடியேறிய மூன்றாம் ஆண்டில் ஒரு காற்றறை விரிசல் விட்டது. விரிசலால் செத்தவர்கள் இரண்டு பேர். பீதியில் ஓடி மிதிபட்டுச் செத்தவர்கள் அறுபத்து மூன்று பேர். அதன் பிறகு எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் அரிசி அளவில் ஒரு கருவி பொருத்தப்பட்டது. அதன் பெயர் சமனி. பயமோ கோபமோ அழுகையோ, எது எழுந்தாலும் ஓர் அளவுக்கு மேல் போகாமல் அது தட்டிவைத்துவிடும். மக்கள் நிம்மதியாக இருந்தார்கள். அந்த நிம்மதி சலித்துப்போக நான்கு ஆண்டுகள் பிடித்தன.

போக்கர் போட்டிகள் அப்போதுதான் தொடங்கின. சமனி உள்ளவர்களால் சீட்டாட முடியவில்லை. நல்ல சீட்டு வந்தாலும் கெட்ட சீட்டு வந்தாலும் அவர்களுக்கு ஒன்றுதான். எனவே அறுபது பேருக்கு மட்டும் சமனியிலிருந்து விலக்கு கொடுத்து ஆட்டக்காரர்கள் ஆக்கினார்கள். நுழைவுக் கட்டணம் நாற்பதாயிரம் அலகு. எந்த ஆட்டக்காரரும் அதைத் தனியாகக் கட்ட முடியாது. தரகர் ஒருவர் அந்தத் தொகையைச் சிறு சிறு பங்குகளாக்கி விற்பார். பரிசு வந்தால் முதலில் பங்குதாரர்கள் போட்ட பணம் திரும்பும், மீதியில் பாதி அவர்களுக்கு, பாதி ஆட்டக்காரருக்கு. தோற்றால் அந்த நட்டம் ஆட்டக்காரரின் பெயரில் பாக்கியாக நிற்கும். அடுத்த பரிசில் கழிப்பார்கள்.

பங்கோடு சேர்த்து ஒரு வில்லையும் கொடுத்தார்கள்; பங்கில்லாதவர்கள் வில்லையை மட்டும் தனியாக வாங்கலாம். ஆட்டக்காரரின் துடிப்பையும் உணர்ச்சியையும் அது நேராகப் பங்குதாரரின் நெஞ்சில் எழுப்பும். அது அடுத்தவர் பயம் என்பதால் சமனி அதைத் தடுப்பதில்லை. கழற்றியதும் போய்விடும் என்பதால் சட்டமும் தடுக்கவில்லை. பழங்காலப் பூமியில் மக்கள் திரையில் அடுத்தவர் அழுவதைப் பார்த்துக்கொண்டே இரவுச் சாப்பாடு சாப்பிட்டார்கள் என்று பள்ளிப் பாடத்தில் ஒரு வரி உண்டு. கலிஸ்டோவின் பிள்ளைகள் அதை நம்புவதில்லை.

பரிசு வாங்கிய மறுநாள் சுகிர்தாவைத் தரகர் நைனா முகம்மது கூப்பிட்டனுப்பினான். அவளைவிடப் பத்து வயது இளையவன். சமனி உள்ளவன் என்பதால் கெட்ட செய்தியையும் நல்ல செய்தியையும் ஒரே குரலில்தான் சொல்வான்.

"அக்கா, இந்த மாசம் ஜெயிச்சீங்க. போன மாசமும் ஜெயிச்சீங்க. அதாங்க்கா பிரச்சினை."

"ஜெயிச்சா லாபம் வருதுல்ல? வேற என்ன வேணுமாம் அவங்களுக்கு?"

"லாபத்தை வச்சு அவங்க என்ன செய்யப் போறாங்க? சாப்பாடும் காத்தும் எல்லாருக்கும் அளந்து வந்துடுது." அவன் சுவரில் ஒரு கோட்டைக் காட்டினான். மேடு பள்ளம் இல்லாமல் போயிற்று. "இது நேத்து உங்க துடிப்பு. கடைசி ஆட்டத்துல அறுபத்தாறு. ஒரு பங்குதாரர் புகாரே குடுத்திருக்காரு, தூங்கிட்டேன்னு."

சுகிர்தாவுக்குச் சிரிப்பு வந்தது. பதினாறு ஆண்டுகளாக ஆடுகிறாள். முதல் சில ஆண்டுகள் கை நடுங்கியது உண்மை. பிறகு யார் காசோ போகிறது, யார் காசோ வருகிறது என்று ஆகிவிட்டது. அந்த அலட்சியம்தான் அவளைக் குடியிருப்பின் சிறந்த ஆட்டக்காரியாக ஆக்கியிருந்தது.

"அடுத்த போட்டிக்குப் பங்கு விக்கலை அக்கா. பதினாலு பேர்தான். மூணு மாசம் கட்டணம் கட்ட முடியலைன்னா விலக்கை எடுத்துடுவாங்க. சமனி வச்சிடுவாங்க."

அவள் சிரிப்பு நின்றது.

"ஒரு வழி இருக்கு," என்றான் நைனா. "நாப்பது சதவீதம் நீங்களே வாங்கிக்கோங்க. உங்க சொந்தக் காசு. அப்போ பயம் வரும். பயம் வரும்னு தெரிஞ்சா மிச்சத்தை நான் வித்துடுவேன்."

"பதினாறாயிரம் அலகுக்கு நான் எங்கடா போவேன்?"

"அறை இருக்கே அக்கா."

கலிஸ்டோவில் காசு கொடுத்து வாங்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று இந்தப் பங்குகள், மற்றது கதவு வைத்த தனி அறை. அறை இல்லாதவர்கள் நீள்கூடத்தில், நானூறு கட்டில்களுக்கு நடுவே, திரைச்சீலைக்குப் பின்னால் படுப்பார்கள். சுகிர்தா அங்கே ஆறு ஆண்டுகள் இருந்திருக்கிறாள். ஒரு நாள் அவளுடைய தங்கை பூமியில் இறந்த செய்தி வந்து அவள் வாய்விட்டு அழுதபோது, நானூறு பேரும் எழுந்து உட்கார்ந்து மரியாதையாக அவளைப் பார்த்தார்கள். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "எப்ப முடியும்?" என்று கேட்டார். அதன் பிறகு கிடைத்த பரிசுகளையெல்லாம் சேர்த்து வாங்கியதுதான் அந்த அறை.

அன்று மாலை அவள் கணவர் அருளப்பனிடம் சொன்னாள். அவர் பனியுருக்கு நிலையத்தில் வேலை செய்பவர். சமனி வருவதற்கு முன்பு குழம்பில் உப்பு குறைந்ததற்குத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனவர்; பத்து நிமிடத்தில் திரும்பி வந்து மன்னிப்புக் கேட்டவர். இப்போது தட்டைத் தள்ளுவதும் இல்லை, திரும்பி வருவதும் இல்லை.

"என்னங்க, அறையை அடகு வைக்கச் சொல்றான் நைனா."

"வச்சிடு."

"தோத்தா அறை போயிடும்."

"போனா கூடத்துல படுத்துக்கலாம்."

"உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமா இல்லையா?"

அருளப்பன் யோசித்தார். அன்பானவர்; கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல விரும்பினார். "எப்படிப் பயப்படுறதுன்னு மறந்துபோச்சு சுகி," என்றார்.

அவள் அன்று தூங்கவில்லை. அறை போவது ஒருபக்கம். சமனி வைத்துவிட்டால் தானும் இப்படித்தான் சாந்தமாகப் படுத்திருப்போம் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாள் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

செய்தி பரவிற்று. சுகிர்தா அறையை வைத்து ஆடுகிறாளாம். போட்டி நாள் காலையில் நாலாயிரம் பேர் வில்லை ஒட்டியிருந்தார்கள்.

நாற்பத்தைந்து பேர் ஆடத் தொடங்கி, மதியத்துக்குமேல் நான்கு பேர் மிஞ்சினார்கள். பரிசு மூன்று பேருக்குத்தான். மூன்றாம் பரிசு கிடைத்தாலே அடகை மீட்டுவிடலாம். சுகிர்தாவிடம் இரண்டாவது பெரிய பந்தயச் சில்லுக்குவியல் இருந்தது. வேறு யாராவது ஒருவர் வெளியேறினால் போதும்.

அப்போது அவள் கைக்கு இரண்டு ராணிகள் வந்தன, வலுவான சோடி. எதிரே இருந்த இளைஞன் தன் சில்லுகள் முழுவதையும் நடுவில் தள்ளினான். அவளிடம் இருந்ததைவிடச் சற்று அதிகம். அவன் ஏமாற்றுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் தொண்டை அசைந்த விதமே சொல்லியது. போன மாதமாக இருந்தால் கண் இமைக்காமல் ஏற்றிருப்பாள்.

இப்போது சீட்டுக்குப் பதிலாக நானூறு கட்டில்கள் கண்ணுக்குத் தெரிந்தன. துடிப்பு நூற்று நாற்பதைத் தாண்டியது. குடியிருப்பு முழுவதும் சமையலறைகளிலும் பட்டறைகளிலும் மக்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். வில்லை ஒட்டாதவர்களைத் தொட்டு, ஒன்று வாங்கச் சொன்னார்கள்.

சுகிர்தா ராணிகளைக் கவிழ்த்து வைத்தாள். இளைஞன் தன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினான். ஓர் ஏழு, ஓர் இரண்டு; இருப்பதிலேயே மட்டமான கை.

அதற்குப் பிறகு அவள் ஆடியது ஆட்டமே இல்லை. ஏற்க வேண்டியதைக் கைவிட்டாள். கைவிட வேண்டியதை ஏற்றாள். ஒரு மணி நேரத்தில் நான்காவதாக வெளியே வந்தாள்.

வாசலில் நைனா நின்றுகொண்டிருந்தான்.

"அக்கா, பதினோராயிரம் பேர்! அடுத்த போட்டிக்கு உங்க பங்கு விலை காலையில இருந்ததுக்கு ஏழு மடங்கு."

"நான் தோத்துட்டேன் நைனா."

"ஆமாங்க்கா. வில்லை விக்குற காசுல உங்களுக்கு முப்பது சதவீதம் உண்டு, ஒப்பந்தத்துல இருக்கு. அறையை மீட்டு, பக்கத்து அறையையும் வாங்கலாம். ஜெயிச்சிருந்தா இதுல கால்வாசிகூட வந்திருக்காது." பிறகு அதே குரலில், "இணைப்பை இன்னும் துண்டிக்கலை. நீங்க வீட்டுக்குப் போற வரைக்கும் வேணும்னு கேக்குறாங்க. அதுக்கு இரட்டை விலை. சரின்னுட்டேன்," என்றான்.

சண்டை போட அவளிடம் தெம்பு இல்லை. நடந்தாள். அறை தப்பியது என்று மூளைக்குப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே போனாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர்கள் கன்னங்களும் நனைந்திருந்தன.

அறைக்குள் அருளப்பன் தரையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் ஈரம். சட்டைப் பொத்தான் திறந்திருக்க, மார்பில் வில்லை ஒட்டியிருந்தது.

"என்னங்க இது?"

"நானும் ஒரு பங்கு வாங்கினேன். நீ கையெழுத்துப் போட்ட அன்னிக்கே. உன்கிட்ட சொல்ல வேண்டாம்னு நைனாகிட்டச் சொன்னேன்." அவர் மூச்சு வாங்கினார். "ராணி ரெண்டையும் கவுத்து வச்சியே, அப்ப இங்க என்னமோ பண்ணிச்சு. எழுந்திரிக்கவே முடியலை. இதை வச்சுக்கிட்டா நீ இத்தனை வருஷமா தனியா இருக்க?"

சுகிர்தா அவர் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். அவர் கை நடுங்கியது. தன் நடுக்கம்தான் அது என்று தெரிந்தும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பதினாறு ஆண்டுகளில் முதல் தடவையாக இன்னொரு மனிதர் அவள் இருக்கும் இடத்தில் இருந்தார். இனி ஆடப் போகாதே என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். எப்படியாவது சமாளிக்கலாம் என்பார். பழையபடி ஒரு சத்தமாவது போடுவார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த போட்டி எப்போ?" என்றார்.

அவளுக்குள் என்னவோ அறுந்து விழுந்தது. அருளப்பன் சட்டென்று மார்பில் கை வைத்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இதோ பார், இப்பக்கூட ஒண்ணு வருது," என்றார். "இது பயம் மாதிரி இல்லையே. வேற என்னவோ. என்ன இது சுகி?"

குடியிருப்பில் பதினோராயிரம் பேர் அதே நேரத்தில் பக்கத்தில் இருந்தவரிடம் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் அதன் பெயர் தெரியவில்லை. விளக்கு அணைக்கும் நேரத்துக்குள் சுகிர்தாவின் பங்கு விலை இன்னும் ஒரு மடங்கு ஏறியிருந்தது.