மரை வெட்டிய குழல்

போன் அலறியது.

வெர்னா டாலெஃப்சன் காபிக் கோப்பையைக் கீழே வைக்காமலே ரிசீவரை எடுத்தாள்.

"டாலெஃப்சன் துப்பாக்கிக் கடை."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு ஒரு பெண் குரல், கிசுகிசுப்பாக.

"இன்னிக்கு உங்க கடைக்கு ஒருத்தன் வருவான். கைக்கு அடக்கமா ஒரு பிஸ்டல் கேப்பான். சைலன்சர் மாட்டுற மாதிரி குழல் முனையில மரை வெட்டினது. தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க..."

"யாரும்மா நீ?"

"என்னைக் கொல்லத்தான் வாங்குறான். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க. முக்கியமா..."

எங்கோ கதவு சாத்தும் சத்தம். லைன் செத்துப்போனது.

காபி ஆறிக்கொண்டிருந்தது. வெர்னா ரிசீவரையே பார்த்தபடி நின்றாள்.

மான்டானாவின் கிழக்குக் கோடியில், ஹார்லன் க்ரீக்கில், துப்பாக்கி விற்பது மளிகை விற்பது மாதிரி. புருஷன் போன பிறகு கடையை அவள் தனியாகத்தான் நடத்துகிறாள். மான் வேட்டைக்காரன், பண்ணைக்காரன், ஓநாய் பயத்தில் தூங்காதவன் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. குடித்துவிட்டு வந்தவர்களைக் கழுத்தைப் பிடிக்காத குறையாக வெளியே அனுப்பியிருக்கிறாள்.

ஆனால், இப்படி ஒரு போன் வந்ததில்லை.

முக்கியமா... யாரிடம்? அந்தப் பெண் யாரைச் சொல்ல வந்தாள்?

அதை யோசிக்கப் பொறுமையில்லாமல் வெர்னா ஒரு காரியம் செய்தாள். கர்ட் லாம்பர்ட்டுக்கு போன் போட்டாள். ஊர்ப் போலீசில் ஷெரிஃபுக்கு அடுத்த ஆள். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து அவளுக்குத் தெரிந்தவன்.

கர்ட் குறுக்கே பேசாமல் கேட்டான். குரல் எப்படி இருந்தது என்று விசாரித்தான். பேரைச் சொன்னாளா என்று கேட்டான். கொஞ்சம் விட்டு, மறுபடியும் அதையே கேட்டான்.

"பேரெல்லாம் சொல்லலை கர்ட். பாதியிலயே வெச்சுட்டா."

"சரி. இன்னிக்கு எனக்கு லீவுதான். சாதா டிரெஸ்ல வரேன். நீங்க பதறாம இருங்க."

வந்தான். கட்டம் போட்ட சட்டை, சேறு படிந்த பூட்ஸ். வேட்டைத் தொப்பிகள் தொங்குகிற மூலையில் சாய்ந்து நின்றுகொண்டு, வெர்னா எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான்.

"அந்த ஆளு வந்தா, வித்துடுங்க."

"என்னடா உளர்றே?"

"நீங்க இல்லேன்னா அடுத்த ஊர்ல வாங்கப் போறான். அங்க அவனை யாரு பாத்துக்கிட்டிருப்பா? இங்க வாங்கட்டும். நான் நிழல் மாதிரி பின்னாலயே போறேன். கையும் களவுமா பிடிச்சுடலாம்."

பேச்சில் நியாயம் இருந்தது. ஆனாலும் வெர்னாவுக்கு மனம் ஒப்பவில்லை. கண்ணாடி அலமாரியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். வாசலில் எந்த வண்டி நின்றாலும் கை நின்றது.

மத்தியானம் ஒரு பழைய பிக்கப் வந்து நின்றது.

இறங்கியவர் நெடுநெடுவென்று ஒல்லியாக இருந்தார். பேர் ஆன்செல் ப்ரெக்கி என்றார். பண்ணை பண்ணையாகப் போய் கொட்டகைகளில் புகுந்துவிடுகிற நரி, ஸ்கங்க், ரக்கூன் இவற்றைத் தீர்த்துக்கட்டுவது தொழில்.

"கைக்கு அடக்கமா ஒரு பிஸ்டல் வேணும் மேடம். குழல்ல மரை வெட்டியிருக்கணும்."

தொப்பிகளுக்குப் பின்னால் கர்ட்டின் தலை மெல்லத் திரும்பியது.

"எதுக்குன்னு கேக்கலாமா?"

"வேலைக்குத்தான். கொட்டகைக்குள்ள சினையா இருக்கிற குதிரை நிக்கும். நான் பாட்டுக்கு டமார்னு சுட்டா, அது மிரண்டு பலகையை ஒடச்சுக்கிட்டு ஓடும். அப்புறம் பண்ணைக்காரன் என்னைச் சுடுவான்."

வேலைக்கு என்றுதான் சொல்வான் என்று அவளே நினைத்திருந்தாள். சொல்லிவிட்டான்.

இரண்டு பிஸ்டல்களை எடுத்து கம்பளித் துணிமேல் வைத்தாள். ஆன்செல் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, காலியா என்று பார்த்து, கண்ணுக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணைச் சுருக்கினார். ஒன்றில் குறிபார்க்கக் குழல்மேல் நிற்கிற குறி மற்றதைவிட உயரமாக இருந்தது. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இதுதான். சைலன்சர் தடியான உருளை. மாட்டினா சின்னக் குறி எல்லாம் அது பின்னால மறைஞ்சு போயிடும். அப்புறம் எதைப் பாத்துச் சுடறது... என் மூக்கையா?"

வெர்னா தன்னை மீறிச் சிரித்துவிட்டாள்.

சிரித்த பிறகுதான் உறைத்தது. பக்கத்தில் நின்று ஒரு பெண்ணைக் கொல்லப் போகிறவன், குறியின் உயரத்தைப் பற்றி எதற்குக் கவலைப்படுகிறான்?

"அதுல மில்லிமீட்டர் மரை. இடது பக்கம் சுத்தணும்" என்று எச்சரித்தாள். "இன்னொண்ணு நம்ம ஊர் அங்குல மரை. ஆனா குறி கொஞ்சம் தாழ்வு."

"பரவால்லை. என் சைலன்சருக்கு ரெண்டு மரைக்கும் அடிப்பாகம் வெச்சிருக்கேன். லைசென்சும் பக்காவா இருக்கு."

"அண்ணே, மில்லிமீட்டர் மரையை நம்பாதீங்க."

கர்ட். யாரோ ஒரு வாடிக்கையாளன் மாதிரி பக்கத்தில் வந்து நின்றிருந்தான். அந்த மரைக்கு இந்தப் பக்கத்தில் உதிரி சாமான் கிடைக்காது, தேய்ந்துபோனால் தலையில் துண்டுதான், அங்குல மரைதான் ஊருக்கெல்லாம் ஒத்துப்போகும் என்று அளந்துகொண்டே போனான். ஆன்செல் தலையைச் சொறிந்தார். உயரக் குறியை ஏக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, அரை மனதோடு அங்குல மரைப் பிஸ்டலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"சரி, இதையே குடுங்க."

சர்க்கார் சரிபார்ப்புக்கு போன் போட்டாள். ஆன்செல் ப்ரெக்கி மேல் ஒரு கரும்புள்ளியும் இல்லை. உயரமான குறி கிடைத்தால் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று அவரே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். வெர்னா பிஸ்டலை எடுத்துக்கொண்டு பின்கட்டு மேஜைக்குப் போனாள். கம்பெனி எண்ணெயைத் துடைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்து பெட்டியை நீட்டினாள்.

பிக்கப் கிளம்பியது. கர்ட் அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பின்னாலேயே போனான்.

வெர்னாவுக்கு உட்கார முடியவில்லை. எழுந்தாள். ஜன்னலுக்குப் போனாள். திரும்பி வந்தாள். அந்தப் பெண்ணின் குரல் காதை விட்டுப் போக மறுத்தது. யார்கிட்டயும் சொல்லாதீங்க... முக்கியமா...

கதவு படீரென்று திறந்தது.

ஆன்செல்!

"என்ன மேடம் இது? வித்துட்டு நீங்களே கம்ப்ளெய்ன்ட் குடுப்பீங்களா?"

"நான் எங்க குடுத்தேன்?"

"கடையில எனக்கு மரை பாடம் நடத்தினானே, அவன்தான். ஊர் எல்லை தாண்டினதும் மறிச்சான். போலீஸ் பேட்ஜைக் காட்டினான். கடைக்காரம்மா சந்தேகப்படுறாங்க, நம்பரைச் சரிபாக்கணும், நாளைக்கு வந்து வாங்கிக்கோன்னு பெட்டியோட தூக்கிட்டுப் போயிட்டான்."

கர்ட் கடையில் பேசியதை வெர்னா மறுபடி நினைத்துப் பார்த்தாள்.

கொலைகாரனைப் பின்தொடர வந்தவன், அவன் வாங்குகிற பிஸ்டலின் மரை எது என்று ஏன் அடித்துப் பேசினான்?

அவனிடம் ஏற்கெனவே ஒரு சைலன்சர் இருக்கிறது. அது அங்குல மரைக்குத்தான் பொருந்தும்!

இப்போது அவன் கையில் ஒரு பிஸ்டலும் இருக்கிறது. ஆன்செல் பேரில் வாங்கியது.

போன் அலறியது.

"வித்துட்டீங்களா?" அதே குரல். இப்போது அழுகை. "நான் மரீட்டா. கர்ட்டோட பொண்டாட்டி. கராஜ்ல பெயின்ட் டப்பாவுக்குப் பின்னால சைலன்சர் ஒளிச்சு வெச்சிருந்தாரு. பிஸ்டல் வாங்க இன்னிக்கு உங்க கடைக்குத்தான் போறேன்னு யார்கிட்டயோ போன்ல சொன்னாரு. போலீசுக்கு எப்படிச் சொல்றது... போலீசே அவர்தானே... ஐயோ, வண்டி வந்துருச்சு."

"பின் கதவு வழியா ஓடு மரீட்டா!"

லைன் மறுபடியும் செத்துப்போனது.

ஷெரிஃபுக்கு போன் போட்டு விஷயத்தைக் கொட்டிவிட்டு, வெர்னா சுவரிலிருந்து ஒரு ஷாட்கன்னை உருவினாள். ஓடும்போதே தோட்டா போட்டாள். ஆன்செல் ஒன்றும் கேட்காமல் பிக்கப்பைக் கிளப்பினார். பனி உருகிச் சகதியாகிக் கிடந்த ரோட்டில் வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது.

"இன்னும் வேகமா போங்க!"

"இதுக்கு மேல போனா சக்கரம் மட்டும்தான் போகும் மேடம்."

அவனிடம் போன் போட்டுச் சொன்னதே நான்தான் என்ற நினைப்பு வெர்னாவை விடவில்லை. அந்தப் பெண் யாரிடமிருந்து ஒளிந்தாளோ, அவனிடமே கொண்டுபோய்க் காட்டிக்கொடுத்தாயிற்று.

கர்ட்டின் வீட்டு வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. அவனுடைய போலீஸ் துப்பாக்கி வெளியே அவன் வண்டி சீட்டிலேயே கிடந்தது. கொலை நடக்கிற இடத்தில் தன் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறான்.

சமையலறைச் சுவரோடு சுவராக மரீட்டா ஒட்டி நின்றாள். ஓட முடியவில்லை. பின் கதவை அவன் வெளிப்பக்கம் பூட்டியிருந்தான்; கராஜில் சைலன்சரை மாட்டிக்கொண்டு வரத்தான் அவனுக்கு இவ்வளவு நேரம்.

அவளுக்கு எதிரே கர்ட். கையில் ரப்பர் உறை. பிஸ்டல் முனையில் கறுப்பு உருளை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

விசையை இழுத்தான்.

ஒன்றும் நடக்கவில்லை.

மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்துவிட்டு மறுபடியும் விசையை அழுத்தினான். தோட்டா ஒன்று தரையில் உருண்டதுதான் மிச்சம். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

"கர்ட்."

திரும்பினான். வாசலில் வெர்னா. ஷாட்கன்னின் வாய் அவன் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கீழ போடுடா. இது சத்தமாத்தான் வெடிக்கும். எங்கிட்ட சைலன்சர் கிடையாது."

போட்டான். ஆன்செல் அவனைத் தரையோடு அழுத்தி உட்கார்ந்துகொண்டார். மரீட்டா சுவரோரமாகச் சரிந்து வாய்விட்டு அழுதாள். வெர்னா துப்பாக்கியைத் தாழ்த்தாமலே ஒரு கையால் அவள் தலையைத் தன் பக்கம் அணைத்துக்கொண்டாள். என்னை மன்னிச்சுடும்மா என்று முணுமுணுத்தாள். யார் காதிலும் விழவில்லை.

ஷெரிஃப் வந்து விலங்கு மாட்டினார். பக்கத்து ஊரில் ஒருத்தி இருந்ததும், மரீட்டா பேரில் பெரிய இன்ஷூரன்ஸ் இருந்ததும் மெல்ல மெல்ல வெளியே வந்தன. முதலில் அவனே ஒரு பிஸ்டல் வாங்குவதாகத்தான் இருந்தான். வெர்னாவின் போன் வந்ததும் திட்டம் மாறியது. சைலன்சர் துப்பாக்கி கேட்டு எவனாவது வந்தால், பழியைச் சுமக்க ஆள் ரெடி. யாரும் வராவிட்டால் வேறு வழி பார்த்திருப்பான். பாவம், ஆன்செல் வந்தார்.

"அதெல்லாம் சரி" என்றார் ஷெரிஃப், பிஸ்டலைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே. "இது ஏன் வெடிக்கலை?"

வெர்னா மேல்கோட்டுப் பைக்குள் கையை விட்டு, மெல்லிய எஃகு ஊசி ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தாள். தோட்டாவின் முதுகில் குத்தி அதை வெடிக்க வைக்கிற ஊசி.

"கர்ட் விக்கச் சொன்னான். மனசு கேக்கலை. எண்ணெய் துடைக்கிறேன்னு உள்ள கொண்டுபோய் இதைக் கழட்டிட்டேன். ப்ரெக்கி நல்லவர்னு தெரிஞ்சா, நாளைக்குக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு மாட்டிக் குடுத்துடலாம்னு இருந்தேன்."

ஆன்செல் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

விலங்கோடு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த கர்ட் ஆத்திரமாகத் திரும்பினான்.

"பழுதான சாமானை வித்திருக்கா, ஷெரிஃப்! இது மோசடி! இவ மேலயும் கேஸ் போடுங்க!"

வெர்னா ஷாட்கன்னைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பில் இருந்தா எடுத்துக்கிட்டு கடைக்கு வா கர்ட். மாத்தித் தரேன்."