பத்தாவது துண்டு

கிழக்குச் சுவரை ஒட்டித் தலைமை மருத்துவர் சையது ராவுத்தர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் வரைவாளர் ஆவுடையப்பன். எதிரே, நாற்காலியின் நுனியில், முறையீட்டுக்காரி ரெஜினா. நான்காவது நாற்காலி, படத்தைப் பார்த்து எண் சொல்லும் இயந்திரமான கணிப்பானுக்கு. அது உட்காராது என்றாலும் நாற்காலி போடுவது தூத்துக்குடி அளவுக்கூடத்தின் வழக்கம்.

ஆண்டுக்கொரு முறை எல்லோரும் எம்.ஆர்.ஐ. காந்தக் குழாய்க்குள் படுத்து எழ வேண்டும். இதயம் தன்னிடம் நிரம்பிய இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்று கணிப்பான் சொல்லும். அதுதான் தள்ளெண். ஐம்பதுக்குக் கீழே போனால் கடல் காற்றாலையில் ஏற முடியாது, பேருந்து ஓட்ட முடியாது. பதினாறு வருஷம் கோபுரம் ஏறிய ரெஜினாவுக்கு இந்த முறை நாற்பத்தாறு.

முறையீடு வந்தால் ஆவுடையப்பன் கையால் அளப்பார். இதயப் படம் ரொட்டியைப் போலப் பத்துத் துண்டுகளாக வரும். நிரம்பிய நிலையில் பத்திலும், சுருங்கிய நிலையில் பத்திலும் உட்சுவரை ஒட்டிக் கோடு போடுவார். இந்தப் பக்கம் பத்தென்றால் அந்தப் பக்கமும் பத்து இருக்க வேண்டும் அவருக்கு. அன்றும் அப்படியே வரைந்தார். அதே நாற்பத்தாறு வந்தது.

அசையும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த ரெஜினா கேட்டாள்.

“அண்ணாச்சி, சுருங்கையில மேல இருக்க வால்வு வளையம் கீழ எறங்குதுல்லா? எறங்குன பொறவு மேல் துண்டுல தெரியுறது வேற அறைதான? அதையும் ஏன் சேக்குதிய?”

ஆவுடையப்பன் மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். வளையம் இறங்கத்தான் செய்தது. சுருங்கிய நிலையில் மேல் துண்டான பத்தாவதில் போட்ட கோட்டை அழித்தார். ஐம்பத்திரண்டு.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கணிப்பானுக்குப் பாடமாகக் கொடுத்தவை அவர் வரைந்த ஆறாயிரம் படங்கள்.

ராவுத்தர் குரலைத் தாழ்த்தினார். “இந்தம்மாவுக்கு மட்டும் எழுதிக்குடுங்க. மத்ததக் கிண்டாதீங்க. ஒங்க வேலையும் நிக்கும், கூடத்து மானமும் நிக்கும்.”

“எங்க செட்டுலயே நாலு பேரு இப்பிடி எண்ணு கொறஞ்சு கரையில கெடக்காவ,” என்றாள் ரெஜினா. “சவேரியான் தனக்கு நெஞ்சே போச்சுன்னு மாடிப்படி கூட ஏறமாட்டேங்கான். வயசு முப்பத்தொண்ணு.”

ஆவுடையப்பன் அவளுடைய சான்றிதழில் ஐம்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். கணிப்பானைப் பற்றிய புகார் கணிப்பான் வழியாகப் போகக் கூடாது என்பதால் அளவுக்கூடங்களை மேற்பார்க்கும் சென்னை வாரியம் காகிதத்தைத்தான் ஏற்கும்.

‘ஐயா, பிழை இயந்திரத்தினுடையது அல்ல, என்னுடையது. இரு பக்கமும் துண்டுகள் ஒத்திருக்க வேண்டும் என்ற என் ஒழுங்கை அது அப்படியே கற்றுக்கொண்டது. ஐம்பதுக்குக் கீழே தள்ளப்பட்ட அனைவரையும் மறுபடி அளக்க வேண்டும், என் கையால் அல்ல. எண் தேறியவர்களுக்குப் புதிய எண்ணை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். ஒரு மனிதர் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். பழைய எண்ணை அவர்கள் தங்கள் உடம்பாகவே நம்பி வாழ்ந்துவிட்டார்கள்.’

ராவுத்தர் கடிதத்தைப் படித்தார். பின்பு மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரை அரக்கை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். ஆவுடையப்பன் தாளை மடித்து உறையிலிட்டு ஒட்டி முத்திரை வைத்தார். மூன்று மணித் தபாலில் அது சென்னைக்குப் போயிற்று.