பறங்கிப்பட்டைப் பத்தியம்

காலையில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, மாமியார் அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

"பறங்கிப்பட்டைத் தூள்! மேகநோய்க்குக் கொடுக்கிறதாம்... மருந்துக் கடைக்காரரே சொல்லிட்டாரு. கண்ட சகவாசத்துல வர்ற நோய்! சொறி சிரங்குன்னு சொல்லி எங்க கண்ணுல மண்ணைத் தூவினியேடி!"

மருமகள் பொட்டலத்தைக் கையால் மூடினாள். நோய் அவளுடையதல்ல. வேலைக்கென்று வெளியூர் போன தையல்காரன், அவள் கணவன், தேடிக்கொண்டு வந்த வினை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். அவனோ வெட்கப்பட்டு, யாரோ சொன்ன இந்த வேர்த்தூளை ரகசியமாகத் தின்கிறான். நாற்பது நாள் உப்பும் புளியும் ஆகாது. "அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவேன்" என்று அவள் காலைப் பிடித்தான். அதனால் பத்தியம் தனக்கென்று சொல்லி, அவளே உப்பில்லாமல் சமைத்தாள். அவனும் அதையே சாப்பிட்டான். பெண்டாட்டிக்காக நாக்கைக் கட்டிய உத்தமன் என்று வீடே அவனைக் கொண்டாடியது! இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

"பெட்டியைக் கட்டு. குழந்தை இங்கேயே இருக்கட்டும்."

"அத்தை! என் பொண்ணை மட்டும் பிரிச்சிடாதீங்க..."

அவள் கணவனைப் பார்த்தாள். உத்தமன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவளுக்காக இருபது நாளா நாக்கு செத்துக் கிடந்தியே, ராஜா! இனி உனக்கென்னடா பத்தியம்?" என்று மாமியார் உப்பை அள்ளி அவன் தட்டில் போடப் போனாள்.

"ஐயோ, போடாதேம்மா! மருந்து முறிஞ்சிடும்!"

சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டான்.

"யாருக்குடா மருந்து?... யாருக்குன்னு கேக்கிறேன்!"

"எனக்குத்தாம்மா..." அவன் தலை கவிழ்ந்தது.

மாமியார் அப்படியே நாற்காலியில் சாய்ந்து மருமகளைப் பார்த்தாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாம்மா?"

"காலைப் பிடிச்சாரு, அத்தை. உங்க தலை குனிய வேண்டாம்னு நானும் பொறுத்துக்கிட்டேன். ஆனா என் குழந்தையைப் பிரிக்கிறப்போ கூட வாயைத் திறக்கலையே... அதுதான் ஆறலை. இந்தத் தூளை நம்பினா ஆகாது. அவர் ஊசி போட்டுக்கணும். எனக்கும் ரத்தம் பார்க்கணும்."

"உனக்குமா?"

மாமியாரின் முகம் வெளுத்தது. எழுந்து வந்து மருமகளை இறுகக் கட்டிக்கொண்டாள். "பாவி நான்! உன்னை என்னவெல்லாம் பேசிட்டேன்!" இருபது நாளாக அடக்கி வைத்த அழுகையை அந்தத் தோளில்தான் மருமகள் அழுது தீர்த்தாள்.

"அம்மா..." என்று மகன் கையை நீட்டினான். மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கையில் பேத்தியையும் மறுகையில் மருமகளையும் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"வாம்மா, ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். அவன் பின்னாடி வரட்டும்."