எங்க வீடு

யாரும் இருமவில்லை.

ஐவிக்கு முதலில் உறுத்தியது அதுதான். நவம்பர் பிறந்துவிட்டால் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் இருமாத மனிதர் கிடையாது. கோயிலில் ஃபாதர் பிரசங்கத்தை ஆரம்பித்தால் முன்வரிசையில் ஒருவர் தொடங்கி வைப்பார், பின்வரிசைவரை அது ஓடிப் போய்த் திரும்பி வரும். ஃபாதர் பேசியதைவிட நாங்கள் இருமியதுதான் அதிகம் என்று ஐவியே கேலி பேசுவாள். இன்றைக்கோ மலை உச்சியில், கல்லறைத் தோட்டத்தில், மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில், மூடுபனிக்குள் ஐம்பது அறுபது பேர் நிற்கிறார்கள். ஒரு கனைப்புக்கூட இல்லை.

பயபக்தி கூடிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பெயர்கள் எழுதிய கொப்பியைத் திறந்தாள்.

சகல ஆத்துமாக்கள் திருநாள். காலையில் ஃபாதர் வந்து பூசையை முடித்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விட்டார். பின்னேரம் நான்கு மணிக்குக் கல்லறையில் பெயர் வாசிப்பது எப்போதும் ஐவியின் பொறுப்பு. அவள் ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தப் பெயருக்குரிய குடும்பத்தில் ஒருவர் "எங்க வீடு" என்று குரல் கொடுத்துக் கல்லறையில் மெழுகுதிரி ஏற்ற வேண்டும். குரல் கொடுத்த வீட்டுக்கே அந்த ஆத்துமா சொந்தம், யாரும் குரல் கொடுக்காவிட்டால் அது அலையும் என்பது பழைய ஆட்களின் நம்பிக்கை. ஃபாதருக்கு இதில் அவ்வளவு பிடித்தமில்லை. ஆனாலும் தடுக்கமாட்டார்.

ஐவி வந்தபோதே தாமதம். புருஷன் அமிர்தநாதனைப் புரட்டிப் படுக்கவைத்து, துணி மாற்றி, கதவைச் சாத்திவிட்டு ஏறி வருவதற்குள் மணி நாலரை ஆகிவிட்டது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷம். கை, கால், பேச்சு மூன்றும் போய், கண் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஐவி அறைக்குள் எங்கே நடந்தாலும் அந்தக் கண் கூடவே நடக்கும். அந்த ஒரு பார்வைக்காகத்தான் அவள் மிச்ச எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். பிள்ளை குட்டி இல்லை. அவரை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை.

அவள் வரும்போது எல்லோரும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். பனிக்குள் தலைகள் தெரிந்தன, தோள்கள் தெரிந்தன, முகம் தெரியவில்லை. மழையில் ஊறிய மண் வாசனை வழக்கத்தைவிடப் பலமாக, யாரோ இப்போதுதான் குழி வெட்டிவிட்டுப் போனதுபோல மூக்கில் ஏறியது.

"சவரிமுத்து," என்று வாசித்தாள்.

"எங்க வீடு."

"ஞானப்பிரகாசி."

"எங்க வீடு."

மற்ற வருஷங்களில் பாதிப் பெயருக்குக் குரலே வராது. பிள்ளைகள் கொழும்பில், வெளிநாட்டில். குரல் வராத பெயருக்கெல்லாம் ஐவியே ஓடி ஓடித் திரி ஏற்றுவாள். இந்த வருஷம் ஒரு பெயர் தவறவில்லை. அவள் வாய் மூடும் முன்பே பதில் வந்தது, சில சமயம் காலடிக்குப் பக்கத்திலிருந்து, சிறுபிள்ளைகள் குந்தியிருந்து சொல்வதுபோல. ஐவிக்கு மனசு நிறைந்துவிட்டது. போனவர்களெல்லாம் ஊரைத் தேடி வந்துவிட்டார்களே என்று சந்தோஷப்பட்டாள்.

"அம்மாக்கண்ணு," என்று வாசித்து, வழக்கம்போல அவளே "எங்க வீடு" என்றாள்.

அம்மாக்கண்ணு அமிர்தநாதனின் முதல் மனைவி. பிரசவத்தில் போனவள். பதினெட்டு வருஷமாக அவளுக்குக் குரல் கொடுப்பதும் திரி ஏற்றுவதும் ஐவிதான். மூத்தவளுக்குச் செய்ய வேண்டியதைக் குறைவில்லாமல் செய்கிறாள் என்று ஊரில் அவளுக்கு நல்ல பெயர். குனிந்து திரியை ஏற்றி அந்தக் கல்லறைத் தலைமாட்டில் ஊன்றினாள். மண் பிசுபிசுவென்று விரலை உள்ளே வாங்கியது.

அதன் பிறகுதான் அந்தத் தவறு நடந்தது.

ஒரே கொப்பி. முன்னால் மரித்தவர்கள், பின்னால் தோட்டத்து நோயாளிகள். மாதத்தின் முதல் வெள்ளி ஐவியும் இரண்டு பெண்களும் பால்மா, விசுக்கோத்து எடுத்துக்கொண்டு, கோயில்காரர், சாமி கும்பிடும் இந்துக்கள் என்று பார்க்காமல், தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகப் போய் நோயாளிகளைப் பார்த்து வருவார்கள். அதற்கென்று இன்னொரு கொப்பி வாங்கலாம் என்று மற்றவர்கள் சொன்னபோது, இதிலேயே இத்தனை தாள் வெறுமையாகக் கிடக்கிறதே என்று மறுத்தவள் ஐவிதான். ஈரத்தில் தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. புரட்டியபோது வெறும் தாள்கள் அத்தனையும் ஒன்றாகப் புரண்டன. வாய் வாசித்துக்கொண்டிருந்தது, மனசு வீட்டில், அவர் தொண்டை காய்ந்து கிடப்பாரே என்ற நினைப்பில் இருந்தது.

"சின்னத்தம்பி."

"எங்க வீடு."

"மீனம்மா."

கொஞ்சம் தாமதித்து, வேலிக்கு வெளியே, கீழே ஆற்றோரமாக, சாமி கும்பிடுகிறவர்களைப் புதைக்கும் பக்கமிருந்து வந்தது. "எங்க வீடு."

"அமிர்தநாதன்."

தன் வாயால் சொன்னதைத் தன் காதால் கேட்டபிறகுதான் ஐவிக்கு உறைத்தது. குனிந்து கொப்பியைப் பார்த்தாள். ஆறாம் நம்பர் லயம், பக்கவாதம், என்று அவளுடைய கையெழுத்திலேயே இருந்தது. ஐயையோ, தப்பு, என்று சொல்ல வாயெடுத்தாள்.

"எங்க வீடு."

ஒரு பெண்ணின் குரல். இளசான குரல். அவளுடைய இடது தோளுக்குப் பின்னால், மூச்சுப் படும் தூரத்தில்.

"மன்னிச்சுக்குங்க," என்றாள் ஐவி பனியைப் பார்த்து. "பக்கம் மாறிப்போச்சு. அவங்கல்லாம் உசுரோட இருக்கவங்க. அந்த மூணு பேர விட்டுருங்க."

காற்று ஒரு முறை மலையை வழித்துக்கொண்டு போனது. பனி விலகியது. கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. அத்தனை கல்லறையிலும். மனிதர் ஒருவரும் இல்லை.

கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் விழுந்தடித்து இறங்கினாள். பெரட்டுக்களத்துக்குப் பக்கத்தில், காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் பதியும் அந்த வெட்டவெளியில், குடை பிடித்துக்கொண்டு தனுஜா நின்றாள். பாட்டுக்குழுவுக்குத் தலைவி, பாலர் பாடசாலை ஆசிரியை.

"ஐவியக்கா! மேலயா போனீங்க? மண்சரிவு எச்சரிக்க வந்திருக்கு, இன்னைக்கு யாரும் கல்லறைக்கு ஏற வேணாம்னு ரெண்டு மணிக்கே குரூப்ல போட்டேனே. போன பாக்கலயா?"

"போன் வீட்டுல கெடக்கு." ஐவிக்கு மூச்சு வாங்கியது. "அப்ப யாருமே வரலயா?"

"யாரு வருவா? எல்லாரும் வீட்டுலதான் இருக்காங்க."

"நான் வாசிச்சேன் தனுஜா. எல்லாப் பேருக்கும் கொரல் குடுத்தாங்க. அவரு பேரையும் வாசிச்சிட்டேன். அதுக்கும் குடுத்துட்டாங்க."

தனுஜா சிரித்தாள். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயாம். ராத்திரி பூரா கண்ணு முழிச்சு அவரப் பாக்குறீங்க, ஒடம்பு என்னத்துக்காகும்? வாங்க, நான் கூட வாரேன்."

தனுஜாவின் கை சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் ஐவிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. உண்மைதான், நாலு நாளாகச் சரியான தூக்கமில்லை. இருவரும் இரண்டாம் நம்பர் லயத்தைத் தாண்டும்போது தனுஜாதான் முதலில் நின்றாள்.

"அக்கா, அங்க பாருங்க! மாதா கிருபதான்!"

ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழாத சின்னத்தம்பி, வீட்டு முன் இஸ்தோப்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்றுடம்பு. அந்தக் குளிரிலும் ஒரு மயிர்க்கூச்சம் இல்லை. பின்னாலிருந்த இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தது. முழங்கைவரை மண் அப்பிய கை.

தனுஜாவின் கண்ணுக்கு அந்தக் கை தட்டுப்பட்டதாகத் தெரியவில்லை. "மாமா, எப்படி இருக்கீங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டே படியேறப் போனாள். சின்னத்தம்பி அவளைப் பார்த்தார். பஸ்ஸில் எதிர் சீட்டில் இருப்பவரைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லயத்தின் கோடியில் தண்ணீர் விழும் பீலிக்கரையில், மழையில் நனைந்தபடி சின்னத்தம்பியின் மனைவி அழகம்மா நின்றிருந்தாள். இடுப்பில் குடம். குடம் நிறைந்து வழிந்து அவளுடைய சேலையெல்லாம் தண்ணீர்.

"ஏன்க்கா நனையிறீங்க? உள்ள போங்க," என்றாள் தனுஜா.

"உள்ள ஆளுங்க இருக்காங்க," என்றாள் அழகம்மா மெதுவாக. பல் கிட்டித்துக் கிட்டித்து விலகியது. "அவரோட ஆளுங்க. எனக்கு எடமில்ல."

தனுஜாவின் பிடி தளர்ந்தது. ஐவி ஓடினாள்.

ஆறாம் நம்பர் லயத்துக்கு அங்கிருந்து முந்நூறு அடி இருக்காது. தண்ணீர் ஓடும் கான் மேட்டில் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், ஒரு செருப்பு எங்கோ போயிற்று. செத்திருக்கக் கூடாது, மாதாவே, செத்திருக்கக் கூடாது. மூச்சிருந்தால் போதும். கண் இருந்தால் போதும். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அவளுடைய வீட்டுக் கதவு மட்டும் விரியத் திறந்திருந்தது. உள்ளே வெளிச்சம். மஞ்சளாக. அசையாமல்.

வாசலில் ஏறினாள்.

மண் வாசனை. உருகிய மெழுகு வாசனை. அறை நிறைய ஆட்கள். சுவரோரமாக, தோளோடு தோளாக, ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரி. யாரையும் அவளுக்குத் தெரியாது. எல்லோருடைய பெயரும் தெரியும்.

கட்டிலில் அமிர்தநாதன் உட்கார்ந்திருந்தார்.

முதுகு நிமிர்ந்து. வாய் கோணாமல். உயிரோடு. ஐவிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "ஏங்க!" என்றாள். "ஏங்க, எந்திரிச்சிட்டீங்களா?"

அவர் திரும்பவில்லை. அவருக்குப் பக்கத்தில் கட்டில் விளிம்பில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயதுக்கு மேல் மதிக்க முடியாது. ஐவி வாரம் தவறாமல் துடைத்து வைக்கும் படத்தில் இருக்கிற முகம். மடியில் கஞ்சிக் கிண்ணம். அவள்தான் நிமிர்ந்து ஐவியைப் பார்த்தாள். பகையில்லை. கோபமில்லை. நல்ல குடும்பத்துப் பெண்ணின் மரியாதை.

"வாங்க. நோயாளியப் பாக்க வந்தீங்களா?"

யாரோ ஐவியின் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வாசலோரம் போட்டார்கள். நோயாளிகளைப் பார்க்கப் போகும் வீட்டில் அவளுக்கு எப்போதும் போடுகிற இடம்.

"நான் ஐவிங்க," என்றாள். "இது என்னோட வீடு. ஏங்க, சொல்லுங்களேன். நான்தான் ஐவி."

இப்போது அமிர்தநாதன் திரும்பினார். இரண்டு வருஷமாக அவளோடு கூடவே நடந்த கண். அவள்மீது வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போனது.

"யாரு புள்ள இது?" என்று கேட்டார். தெளிவான குரல். கல்யாணத்தன்று கேட்ட அதே குரல்.

"கோயில்லேருந்து வந்திருக்காங்க. பாத்துட்டுப் போயிருவாங்க," என்றாள் அம்மாக்கண்ணு.

ஐவி வாயைத் திறந்தாள். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. தொண்டையில் காற்று மட்டும் வந்தது. சுவரோரம் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவே. நெருக்கமாக. மரியாதையாக.

இரண்டு தோள்களின் இடைவெளியில் பார்த்தாள்.

அம்மாக்கண்ணு கரண்டியைக் கிண்ணத்தில் அமிழ்த்தி எடுத்தாள். கஞ்சியில்லை. செம்மண். ஈரமாக, கெட்டியாக, சின்ன வேர்கள் தொங்க.

ஐவி ஊட்டும்போது ஒரு மிடறு இறங்குவதற்குள் மூன்று முறை புரையேறும் அவருக்கு. இப்போது வாங்கிக்கொண்டார். மென்றார். கல் நறநறவென்று அரைபட்டது. விழுங்கினார்.

உதட்டோரம் ஒழுகியதை அவள் தன் முந்தானையால் துடைத்தாள்.

அவர் சிரித்தார். பல்லெல்லாம் சிவப்பாக. மறுபடியும் வாயைத் திறந்து காத்திருந்தார்.