வான்ட்ரெத்

ஐம்பத்து மூன்று மணித்தியாலமாக இவோன் தன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜனுஷா எண்ணிக்கொண்டே இருந்தாள். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கொழும்பிலிருந்து போன் வந்தது. இப்போது திங்கட்கிழமை பின்னேரம் நாலு. அதற்கு முந்திய ஒரு மாதமும் வீட்டில் வேறு கதையே இருந்ததில்லை. அம்மாவுக்கு விசா கிடைக்குமா, ஒக்லாந்தின் ஜூலைக் குளிர் தாங்குமா, பிள்ளைப் பெறுவுக்குச் சரக்குத்தூள் இடித்துக்கொண்டு வருவாவா. மன்னாரிலிருந்து புறப்பட்டு, கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்திருந்த அந்த மனுஷி, வெள்ளி இரவு நித்திரையிலேயே போய்விட்டாள்.

இவோனின் புருஷன் கிளைவ், தங்கை ஜனுஷாவைக் கராஜுக்குள் கூட்டிப்போய்த்தான் சொன்னான்.

"இவோனுக்கு ஒரு மூச்சு விடக்கூடாது. எட்டு மாசம், பிரஷர் வேற. ரெண்டு பிள்ளையைக் கலைய விட்டவள். இதுவாவது தங்கவேணும்."

"அம்மா எங்கையெண்டு கேட்டா?"

"விசா இழுபடுது எண்டு சொல்லு. பிள்ளை பிறக்கட்டும்."

அன்றே போன் வயரைக் கழற்றினான். ஞாயிறு பூசையில் பெயரை வாசிக்க வேண்டாமென்று சுவாமியாரிடம் சொன்னான். ஊரில் எல்லாரும் செய்வதுதான். வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் சாவை மறைப்பது பொய்யில் சேர்த்தியில்லை. ஜனுஷாவும் விசாக் கதையைச் சொல்லிப் பழகி வைத்திருந்தாள். இவோன்தான் கேட்கவில்லை.

தாயாருக்கென்று புது விரிப்புப் போட்ட அறையில்தான் ஜனுஷாவின் கம்ப்யூட்டர் இருந்தது. இரசாயனம் படித்தவளுக்கு ஒக்லாந்தில் கிடைத்த வேலை, பேராசிரியர் ஒருவர் சேர்த்துவைத்த பழங்கால ஆங்கிலச் சொல் அட்டைகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது. ஒவ்வொரு அட்டையையும் அடித்து முடித்ததும் வாய்விட்டு வாசித்துச் சரிபார்க்க வேண்டும். அந்தப் போன் வந்தபோது அவள் வாயிலிருந்த சொல் வான்ட்ரெத். துன்பம், துயரம் என்று கருத்து. ஐந்நூறு வருடமாக வழக்கில் இல்லை. போன் மணியில் கவனம் சிதறி, அந்த ஒன்றை மட்டும் நாலைந்து தரம் உரத்து வாசித்தாள்.

அன்று பின்னேரம் மறுபடி அந்த அறைக்குப் போனபோது, வீட்டில் ஒருவரும் பூசாத ஓடிக்கொலோன் மணத்தது. கட்டில் விரிப்பின் நடுவில் ஒரு பள்ளம், ஒருக்களித்துப் படுத்த ஆளின் அகலத்தில். கையால் நீவிவிட்டாள். ஸ்பொஞ்ச் மெத்தை, அமுங்கினால் எழும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்று தனக்கே விளக்கம் சொன்னாள். ஞாயிறு காலை பள்ளம் இன்னும் ஆழமாக இருந்தது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது பக்குரங்கா முழுக்க மழை பெய்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழும் சத்தமும், ஹீட்டரின் கருகல் மணமும், ஹோலில் நேரத்தோடே இறங்கிவிட்ட இருட்டும் ஒன்றாய்க் கலந்து கிடக்க, இவோன் வயிற்றைத் தாங்கியபடி குசினிக்குள் தேத்தண்ணீர் ஊற்றினாள். இரண்டு கோப்பை. ஜனுஷா இப்போதுதான் குடித்து முடித்திருந்தாள்.

"என்னடி, ரெண்டு நாளா அறைப் பக்கமே போறேல்ல? பேயைக் கண்டனியோ?" என்று சிரித்தாள் இவோன்.

"கண் வலிக்குது மச்சாள்."

"படிச்ச பிள்ளையளுக்கு ஒரு கண்வலி." கரண்டியால் கலக்கினாள். "நீ வாசிச்ச அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து? வான்ட்ரெத்."

"துயரம்."

இவோன் விறுவிறென்று போய்க் குசினிக் கதவைச் சாத்தினாள்.

"மெல்லக் கதை. நான் சந்தோசம் எண்டு சொல்லி வச்சிருக்கிறன்."

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

மழை கொஞ்சம் ஓய்ந்தது. ஹீட்டர் டிக் டிக் என்றது.

"நீங்கள் ரெண்டு பேரும் கராஜுக்க நிக்கேக்கயே வந்திட்டா," என்றாள் இவோன். குரலில் அழுகை இல்லை. காவல் இருக்கிறவளின் களைப்பு மட்டும் இருந்தது. "அவவுக்குத் தெரியாது ஜனு. பிளேனில வந்தனெண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறா. பிள்ளையில கையை வச்சுக்கொண்டுதான் படுக்கிறா, எடுக்கிறா இல்லை. இப்ப அவ அழத் தொடங்கினா என்ர பிள்ளை என்னாகும்? பிறக்குமட்டும் ஒருதரும் சொல்லக்கூடாது."

சுவருக்கு அப்பால் ஒரு குரல். பல்லில்லாத, மெல்லிய குரல். தாலாட்டு. மெட்டு மன்னார் மெட்டு. சொல் ஒன்றேதான்.

வான்ட்ரெத். வான்ட்ரெத்.

சந்தோசமாக.

வெளியே கராஜ் கதவு உருண்டது. கிளைவ். இந்த நேரத்தில் அவன் வருவதில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் சாமான் கிடங்கொன்றில் ஆறு மணி வரைக்கும் வேலை.

ஜனுஷா ஓடினாள்.

"அண்ணா, இப்ப ஒண்டும் சொல்லாதை."

"சுவாமியார் இனி மறைக்க வேண்டாமெண்டிட்டார். மிட்வைஃபும் ஓம் எண்டிட்டா." சப்பாத்திலிருந்து தண்ணீர் ஒழுகியது.

"மச்சாளுக்குத் தெரியும். அண்ணா, மெல்லக் கதை. அவவுக்குக் கேட்கும்."

"ஆருக்கு? விசரே உனக்கு? விடடி கையை."

இவோன் ஹோலில் நின்றாள். உதட்டில் விரலை வைத்தாள். தலையை ஆட்டினாள். வேண்டாம். வேண்டாம்.

அவன் அதைப் பயமென்று நினைத்தான். பாவமாயிருந்தது அவனுக்கு. கிட்டப் போனான். பாரமான பெட்டிகளுக்கு மேலால் கத்திக் கத்திப் பழகிய குரல் அவனுடையது, தாழ்த்தத் தெரியாது.

"இவோன், உன்ர அம்மா செத்துப்போனா."

தாலாட்டு நின்றது.

அறைக் கதவு தானாக அகன்றது. கட்டிலில் ஒருவரும் இல்லை. விரிப்பின் பள்ளம் மெதுவாக எழும்பிச் சமமானது.



பிறகு ஒப்பாரி. கிழவியின் ஒப்பாரி. அறைக்குள்ளிருந்து அல்ல. இவோன் தன் வயிற்றில் அழுத்தி வைத்திருந்த இரண்டு கைகளுக்கும் அடியிலிருந்து.